டேப்லெட் சொல்லும், விமானம் கேட்கும்... விமானி?

காஞ்சிபுரம் என்றால் பட்டுச்சேலை, காமாட்சியம்மன், வரதராஜர், கோயில் இட்லி. பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தால் வேறொரு காஞ்சிபுரம் தெரியும். வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் அரக்கோணம். அங்கே 1992-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம். கிழக்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால். ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் மையம் ஒன்றை அங்கே அமைக்க 2024 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாவட்டத்துக்குள்ளேயே பரந்தூர், சென்னையின் அடுத்த விமான நிலையத்துக்குக் குறிக்கப்பட்ட இடம். (நிலத்தைத் தரமாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருவது தனிக்கதை.)

ஆக, தறிச் சத்தம் கேட்கும் ஊருக்கு மேலேயே இவ்வளவு நடக்கிறது. அதனால் விமானம் பற்றிய ஒரு கேள்வியைக் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து கேட்பதில் தப்பே இல்லை. கேள்வி இதுதான்: விமானத்தின் ரேடியோவையும் ஆட்டோபைலட்டையும் கம்பியே இல்லாமல் ஒரு டேப்லெட்டோடு இணைக்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது? அதில் விமானிக்கு மிச்சம் இருக்கும் வேலை என்ன?

பதினாறு கிலோ பை

விமானிகள் சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போவதைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது மாற்று உடை இல்லை, காகிதம்! ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் எப்படி இறங்குவது, எப்படிக் கிளம்புவது, எந்த அலைவரிசையில் பேசுவது என்ற வரைபடங்கள், விமானத்தின் கையேடுகள். அமெரிக்க விமானிகளின் பை ஏறத்தாழ 16 கிலோ இருந்தது. குறித்த இடைவெளியில் புதிய தாள்கள் வரும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். ஒரு தாள் தவறினாலும் ஆபத்து.

2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், விமானம் கிளம்புவது முதல் இறங்குவது வரை எல்லாக் கட்டத்திலும் காகிதத்துக்குப் பதில் ஐபேடைப் பயன்படுத்த அனுமதி வாங்கிவிட்டது. பை போச்சு, முதுகுவலியும் போச்சு.

சின்ன விமானம் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் பெரிய வரம். இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் விமானத்தில் ஒரே விமானிதான் எல்லாம். அவர் வீட்டில் உட்கார்ந்தபடியே டேப்லெட்டில் விரலால் தொட்டு வழியைப் போட்டுவிடலாம். காற்று எப்படி, எவ்வளவு எரிபொருள், எந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது என்று எல்லாவற்றையும் அந்தச் செயலியே சொல்லிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். டேப்லெட்டுக்குத் தெரிந்தது விமானத்துக்குத் தெரியாது! விமானத்துக்குள் ஏறியதும், அதே வழியை முன்பலகையில் இருக்கும் வழிகாட்டிக் கருவியில் மறுபடியும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். 1998-ல் வந்து உலகம் முழுக்கப் பரவிய கார்மின் நிறுவனத்தின் ஜி.என்.எஸ். 430 கருவியில் எழுத்துப் பலகை கிடையாது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு திருகுகள்தான். ஒன்றைத் திருகினால் எழுத்து மாறும், மற்றதைத் திருகினால் அடுத்த இடத்துக்குப் போகும். புதுச்சேரி விமான நிலையத்தின் குறியீடு வி.ஓ.பி.சி. இந்த நான்கு எழுத்துக்கே எத்தனை திருகல்! வழியில் பத்துப் புள்ளிகள் இருந்தால்? காற்றில் விமானம் குலுங்கும்போது, பாதி வழியில் கட்டுப்பாட்டு அறை "வழியை மாற்று" என்று சொன்னால்? விமானியின் தலை குனிந்தே இருக்கும், வெளியே பார்க்கக் கண் இருக்காது.

இந்தத் தலைகுனிவைத் தீர்க்கத்தான் கம்பியில்லா இணைப்பு வந்தது. கார்மின் 2014-ல் வெளியிட்ட ஃப்ளைட் ஸ்ட்ரீம் என்ற சின்னப் பெட்டி, டேப்லெட்டையும் முன்பலகைக் கருவியையும் புளூடூத் வழியே பேச வைத்தது. 2016-ல் அது இன்னும் சுருங்கி, கருவிக்குள் செருகும் மெமரி கார்டு அளவுக்கு வந்தது. கூடவே வைஃபையும் சேர்ந்தது. டேப்லெட்டில் போட்ட வழி ஒரு தொடலில் விமானத்துக்குப் போகும். விமானத்தின் இடம், வேகம், சாய்வு எல்லாம் அங்கிருந்து டேப்லெட்டுக்கு வரும்.

தறியைத் தெரிந்தால் இதுவும் தெரியும்

உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளக் காஞ்சிபுரத்துக்காரர்கள் வெளியே எங்கும் போக வேண்டாம். ஜக்கார்டு பொருத்திய ஒரு தறியைப் பார்த்தால் போதும்.

முதலில் டிசைன். அன்னம், மயில், யாளி, ருத்திராட்சம் என்று எதுவானாலும் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். இப்போது பெரும்பாலும் கணினியில். அடுத்தது அட்டை. டிசைனின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை, அதில் துளைகள். துளை இருந்தால் அதற்குரிய பாவு நூல் மேலே எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு செய்த ஏற்பாடு இது. கணினிகளுக்கு முன்னோடி என்று பாடப்புத்தகத்தில்கூட வரும். மூன்றாவது தறி. அதற்கு மயிலும் தெரியாது, யாளியும் தெரியாது. இந்த நூலைத் தூக்கு, அந்த நூலை விடு என்பது மட்டும்தான் தெரியும்.

விமானத்திலும் இதே மூன்று அடுக்குதான். டேப்லெட்டில் இருப்பது டிசைன். முன்பலகையில் இருக்கும் வழிகாட்டிக் கருவி அட்டை மாதிரி. ஆட்டோபைலட் தறி.

ஆட்டோபைலட் என்றதும் பலர் அதை ஏதோ பெரிய மூளை என்று நினைக்கிறார்கள். அது மிகப் பழைய கருவி. 1914-ல் பாரிஸ் அருகே லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற இளைஞர், சுழலியால் சமநிலைப்படுத்திய விமானத்தில் பறந்து காட்டினார். அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட, உடன் வந்த மெக்கானிக் இறக்கையின் மேல் நடந்தார். விமானம் சாயவில்லை! ரைட் சகோதரர்கள் பறந்து 11 ஆண்டுகள்கூட ஆகவில்லை அப்போது. ஆட்டோபைலட்டின் அடிப்படை வேலை இன்றும் அதேதான். இறக்கையை நேராக வை, சொன்ன திசையில் போ, சொன்ன உயரத்தில் நில். எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அதற்கு யாராவது சொல்ல வேண்டும். எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பல சின்ன விமானங்களில் இந்தப் பேச்சு நடக்கும் மொழி விமானத்துக்காகச் செய்ததே இல்லை, படகுக்காகச் செய்தது! அமெரிக்கக் கடல்சார் மின்னணுச் சங்கம் 1983-ல் வெளியிட்ட என்.எம்.இ.ஏ. 0183 என்ற முறை. டாலர் குறியில் தொடங்கும் ஒரு வரி. "அடுத்த புள்ளியின் பெயர் இது. பாதையிலிருந்து இவ்வளவு தூரம் விலகியிருக்கிறாய். இடப்பக்கம் திரும்பு." இவ்வளவுதான் செய்தி. வினாடிக்கு 4,800 பிட் வேகம் போதும். இன்று கையிலிருக்கும் செல்போன் ஒரு பாட்டை இறக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மாட்டுவண்டி. ஆனால் விமானத்தைத் திருப்ப மாட்டுவண்டி போதும்.

அந்த வரியின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். வழியில் எழுத்து ஏதும் சிதைந்துவிட்டால் அந்த எண் பொருந்தாது. கருவி அந்த வரியைத் தள்ளிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் கவனியுங்கள்: செய்தி சிதையாமல் வந்ததா என்பதைத்தான் அது பார்க்கிறது. செய்தி சரியானதா என்பதைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. தவறான வழியை அனுப்பினாலும் எண் அழகாகப் பொருந்தும்! இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

ரேடியோவின் கதை

ரேடியோவுக்கு வருவோம். விமானிகள் பேசும் அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. ரேடியோவில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று இப்போது பேசிக்கொண்டிருக்கும் எண், மற்றது அடுத்து பேசப்போகும் எண், அதாவது காத்திருப்பு எண். ஒரு பொத்தானை அமுக்கினால் இரண்டும் இடம் மாறும்.

ஐரோப்பாவில் வானம் நெரிசலாகி அலைவரிசை போதாமல் போனது. 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியை மூன்றாகப் பிரித்து 8.33 ஆக்கினார்கள். எண்களும் நீண்டுவிட்டன. ஆறு இலக்கத்தையும் கவனமாகத் திருக வேண்டும். டேப்லெட்டுக்கோ எந்த நிலையத்துக்கு எந்த எண் என்பது ஏற்கெனவே தெரியும். அப்படியானால் அதுவே ரேடியோவுக்குச் சொல்லிவிடட்டுமே என்ற யோசனை அங்கே இயல்பாக வந்தது. வரைபடத்தில் நிலையத்தைத் தொட்டால் எண் ரேடியோவுக்குப் போகும்.

எங்கே போகும் என்பதுதான் முக்கியம். நன்றாக யோசித்துச் செய்த அமைப்புகளில் அது காத்திருப்பு இடத்துக்குத்தான் போகும். பேசிக்கொண்டிருக்கும் எண்ணைத் தொடாது. விமானி எண்ணைப் பார்த்து, சரிதான் என்று பொத்தானை அமுக்கினால்தான் மாறும். கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மடியில் கிடக்கும் டேப்லெட்டில் கை பட்டு இணைப்பு அறுந்து போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

வழியை அனுப்பும்போதும் இதே முறைதான். டேப்லெட் அனுப்பியதை முன்பலகைக் கருவி அப்படியே விழுங்கிவிடுவதில்லை. "ஒரு வழி வந்திருக்கிறது, பார்க்கிறாயா?" என்று கேட்கும். விமானி பார்த்து, ஏற்று, செயல்படுத்தினால்தான் அது ஆட்டோபைலட்டுக்குப் போகும். முறையான சான்று பெற்ற விமானங்களில் டேப்லெட் நேராக ஆட்டோபைலட்டின் காதில் பேசுவதில்லை. நடுவே இந்த வாசல் இருக்கிறது. வாசலில் காவல் ஒரு மனிதன்.

காலி நகரத்து இரவு

அந்தக் காவலாளி பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கு ஒரு விபத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் டேப்லெட்டும் இல்லை, கம்பியில்லா இணைப்பும் இல்லை. ஆனால் டேப்லெட் இணைக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம்.

1995 டிசம்பர் 20. மயாமியிலிருந்து கொலம்பியா நாட்டின் காலி நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965. போயிங் 757 விமானம். கிறிஸ்துமஸ் நேரம், விமானம் தாமதம், இரவு. இரண்டு பக்கமும் ஆண்டீஸ் மலை, நடுவே நீளமான பள்ளத்தாக்கு. கட்டுப்பாட்டு அறை, நேராகவே வந்து இறங்குகிறீர்களா என்று கேட்டது. நேரம் மிச்சமாகும். விமானிகள் ஒப்புக்கொண்டார்கள். அவசரமாக உயரம் குறைக்க வேண்டும், அவசரமாகப் புது வழியைக் கணினியில் ஏற்ற வேண்டும்.

போக வேண்டிய புள்ளியின் பெயர் ரோசோ. காகித வரைபடத்தில் அதன் குறி 'ஆர்' என்ற ஒரே எழுத்து. கணினியில் 'ஆர்' என்று அடித்தார்கள். பட்டியல் வந்தது. முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்துச் செயல்படுத்தினார்கள். ஆனால் அது ரோசோ இல்லை, தலைநகர் பொகோட்டா அருகே இருந்த ரோமியோ! கணினியில் 'ஆர்' அதற்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. ரோசோ வேண்டுமென்றால் முழுப் பெயரையும் அடித்திருக்க வேண்டும்.

ஆட்டோபைலட் கீழ்ப்படிந்தது. இருட்டில் இடப்பக்கம், கிழக்கே, மலையை நோக்கித் திரும்பியது. திரும்புவதை விமானிகள் உணர்வதற்குள் பள்ளத்தாக்கை விட்டு விலகிவிட்டார்கள். மலை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தபோது மேலே ஏற்ற முயன்றார்கள். உயரம் குறைக்க விரித்த தடுப்புத் தகடுகளை மடக்க மறந்திருந்தார்கள். 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

கணினி ரிப்பேர் இல்லை. ஆட்டோபைலட் ரிப்பேர் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தன. ஒருவர் அடித்ததை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே செயல்படுத்த வேண்டும் என்பது விதி. அந்த இரவில் அது நடக்கவில்லை.

கோர்வைப் பட்டு நெய்வதற்கு ஏன் இரண்டு ஆள் வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் கேட்டால் சொல்வார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். தனித்தனி நாடா. மறுபக்கத்துக் கரைக்கு நாடா கொடுக்க இன்னொருவர் உட்கார்ந்தால்தான் இரண்டு நிறமும் பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும். ஒருவர் கை தவறினால் மற்றவர் கண்ணில் படும். அப்படியும் தவறினால் சில அங்குலம் பிரித்து மறுபடி நெய்யலாம். நேரம் போகும், கூலி போகும், சேலை பிழைத்துக்கொள்ளும். காலி நகரத்து விமானத்துக்குப் பிரித்து நெய்ய நேரம் இல்லை.

கம்பியில்லா இணைப்பு இந்த ஆபத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? இரண்டும்தான். பெரிய திரையில் வரைபடத்தோடு வழியைப் பார்த்தால், ரோமியோவுக்குப் போகும் கோடு சம்பந்தமே இல்லாமல் நீண்டு நிற்பது உடனே கண்ணில் படும். இது லாபம். ஆனால் ஒவ்வொரு எழுத்தாகத் திருகி ஏற்றும்போது மனம் அந்த எழுத்தின் மேல் இருந்தே ஆக வேண்டும். அந்தச் சலிப்பான வேலைக்குள் ஒரு சரிபார்ப்பும் ஒளிந்திருந்தது. ஒரே தொடலில் எல்லாம் போய்விட்டால் சலிப்பும் போகிறது, அந்தச் சரிபார்ப்பும் போகிறது. போனதை வேறு வழியில் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஏற்றிய வழியை ஒவ்வொரு புள்ளியாக வாய்விட்டுப் படிப்பது அதற்குத்தான்.

டேப்லெட் படுத்துவிட்டால்?

ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது, ஐபேடைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று. கத்திரி வெயிலில் காஞ்சிபுரத்தில் மர நிழலே 40 டிகிரியைத் தொடும்! கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும் சின்ன விமானத்தில் வெயில் நேராக விழும்போது டேப்லெட் தானாகவே அணைந்துவிடுவது சாதாரணம். பேட்டரி தீரலாம், மென்பொருள் உறையலாம். 2015 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பல விமானங்கள் கிளம்ப முடியாமல் நின்றன. காரணம் என்ஜின் இல்லை. ஐபேட் செயலியில் வாஷிங்டன் விமான நிலையத்தின் ஒரு வரைபடம் இரண்டு முறை வந்துவிட்டது, செயலி திறக்கவில்லை!

அதனால்தான் விமானி உட்கார்ந்திருக்கும் விமானத்தில் டேப்லெட் ஓர் உதவியாள் மட்டும்தான். அது படுத்துவிட்டாலும், ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட வழி முன்பலகைக் கருவியில் இருக்கும். அதுவும் போனால் ஆட்டோபைலட்டை விடுவித்துக் கையால் ஓட்டலாம். கம்பியில்லா இணைப்பு அறுந்தால் யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது. அமைப்பைக் கட்டியவர்கள் முதலில் போட்ட கோடு அதுதான்.

விமானியே இல்லாத விமானம்

வல்லம் வடகாலில் சோதிக்கப்போகும் விமானங்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே டேப்லெட்டோ மடிக்கணினியோதான் விமானியின் அறை. ஆட்டோபைலட் வானத்தில், விமானி தரையில், நடுவே காற்றில் போகும் ரேடியோ அலை மட்டும்.

இந்தத் துறையில் காஞ்சிபுரம் பக்கத்துக்குப் பழைய உறவு உண்டு. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரி இருக்கும் இடம் 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே உருவான தக்‌ஷா மாணவர் குழு 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தொலைவில் தவிக்கும் நோயாளிக்கு மருந்தைக் கொண்டு சேர்ப்பதுதான் போட்டி. நடிகர் அஜித்குமார் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்ததால் செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தப் போட்டியின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் விமானம் தானே யோசித்து நடந்துகொள்ள வேண்டும், இணைப்பு அறுந்தாலும்!

இதற்கென்று ஒரு பேச்சு மொழி உண்டு. 2009-ல் லோரன்ஸ் மையர் என்பவர் வெளியிட்ட மேவ்லிங்க். உலகம் முழுக்க மாணவர்கள் செய்யும் டிரோன்களில் பெரும்பாலும் இதைப் பார்க்கலாம். இதில் இதயத்துடிப்பு என்றே ஒரு செய்தி உண்டு. வழக்கமாக வினாடிக்கு ஒரு முறை, "இருக்கிறேன்" என்று தரையும் வானமும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். தரையிலிருந்து சில வினாடிகள் துடிப்பு வரவில்லையென்றால் ஆட்டோபைலட் முன்கூட்டியே சொல்லிவைத்த முடிவை எடுக்கும். கிளம்பிய இடத்துக்குத் திரும்பு, அல்லது நின்ற இடத்திலேயே இறங்கு. விமானத்துக்குள் இருக்கும் விமானி நடுவானில் எடுக்கும் முடிவை, டிரோன் ஓட்டுபவர் தரையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். எந்த உயரத்தில் திரும்புவது? நடுவே கோபுரம் இருந்தால்? செல்போன் டவர் இருந்தால்? ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் 50 மீட்டருக்கு மேல் உயரம் என்பதை மறந்துவிட்டுத் திரும்பும் உயரத்தை 30 மீட்டர் என்று வைத்தால், விடை கோபுரத்தில் தெரியும்.

அரக்கோணத்தில் இதன் பெரிய வடிவம் நடந்தது. அமெரிக்காவிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு சீ கார்டியன் ஆளில்லா விமானங்கள் 2020 நவம்பர் முதல் ராஜாளி தளத்திலிருந்து பறந்தன. 2024 செப்டம்பர் 18 அன்று அவற்றில் ஒன்றுக்கு நடுவானில் கோளாறு. சரிசெய்ய முடியவில்லை. தரையில் இருந்தவர்கள் அதைக் கடலுக்கு மேல் ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், சென்னைக்கு அப்பால் வங்காள விரிகுடாவில் கட்டுப்பாட்டோடு இறக்கினார்கள். விமானம் போனது. தரையில் ஒருவருக்கும் காயம் இல்லை. கெட்டாலும் எங்கே கெட வேண்டும் என்று முடிவெடுக்க ஆள் இருந்ததால் ஊர் தப்பித்தது.

ஒரே சாட்சி இரண்டு முறை பேசினால்

இன்னும் ஒரு பூதம் இருக்கிறது. டேப்லெட்டும் முன்பலகைக் கருவியும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கை வரும் இல்லையா? ஆனால் இரண்டும் அந்த இடத்தைத் தெரிந்துகொள்வது ஒரே வழியில், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து. வீட்டில் ஒருவர் சொன்னதை இரண்டு பிள்ளைகள் வந்து சொன்னால் இரண்டு சாட்சி ஆகிவிடாது.

பொய்யான ஜி.பி.எஸ். அலைகளை அனுப்பி விமானத்தை ஏமாற்றும் வேலை சில ஆண்டுகளாக உலகம் முழுக்க நடக்கிறது. 2023 நவம்பரில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதைப் பற்றிச் சுற்றறிக்கை விட்டது. 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையம் அருகே வந்த விமானங்களுக்கே இது நடந்தது. அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் அரசு அதை ஒப்புக்கொண்டபோது, குறுக்கீடு பற்றிப் புகார் வந்த நிலையங்களில் சென்னையின் பெயரும் இருந்தது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன் அமைப்பு ஜி.பி.எஸ். துல்லியத்தைக் கூட்டும். ஆனால் பொய்யைத் துல்லியமாக்கிப் பயன் இல்லையே.

இதற்கு மருந்து பழைய சாமான்தான். தரையில் நிற்கும் வி.ஓ.ஆர். நிலையங்கள். அவற்றுக்கும் செயற்கைக்கோளுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் புதிய முறைகள் வந்த பிறகும் அவற்றைப் பிடுங்கி எறியாமல் வைத்திருக்கிறார்கள். முள் ஒரு திசை, டேப்லெட் ஒரு திசை என்று காட்டினால் விமானி சந்தேகப்பட ஆரம்பிப்பார். அந்தச் சந்தேகம்தான் அவருக்கு அப்போது தேவை.

படிக்கிறவர்களுக்கு

பரந்தூரில் விமானம் இறங்குமோ இறங்காதோ, வல்லம் வடகாலிலும் குரோம்பேட்டையிலும் வேலை செய்யப்போவது இன்று கல்லூரியில் இருப்பவர்கள்தான். அவர்களில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். டேப்லெட்டையும் ஆட்டோபைலட்டையும் இணைப்பது பெரிய வித்தை இல்லை. கடையில் கிடைக்கும் ஒரு வைஃபை சில்லு, நாற்பது வருடத்துப் படகு மொழி, கொஞ்சம் நிரல். ஒரு செமஸ்டர் புராஜெக்டில் முடித்துவிடலாம்.

இணைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள்தான் கஷ்டம். இந்த இணைப்பு இந்த நிமிடமே அறுந்தால் என்ன ஆகும்? தவறான செய்தி சிதையாமல் வந்து சேர்ந்தால் யார் நிறுத்துவார்? ஏற்றுக்கொள் என்ற பொத்தான் எங்கே இருக்கிறது? அதை அமுக்குபவருக்குப் படிக்க நேரம் இருக்கிறதா, அல்லது அமுக்கிப் பழகிவிட்டாரா? சாட்சி இரண்டா, ஒன்றே இரண்டு முறையா?

புராஜெக்ட் காட்டும் நாளில் ஆசிரியர் முன்னால் டிரோன் பறந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அது பறந்துகொண்டிருக்கும்போதே கையிலிருக்கும் டேப்லெட்டை அணைத்துவிட்டு, "இப்போது பாருங்கள்" என்று சொல்லும் தைரியம் வரும்வரை சோதித்துக்கொண்டே இருங்கள். அந்த நாளில்தான் புராஜெக்ட் முடிந்தது என்று அர்த்தம்.